வீடு எத்தனை மாதம் தாங்கும்?

அப்பாவைப் பற்றி எங்கள் உறவினர்களிடையே கடைசிவரை மாறாமல் இருந்த எண்ணம் ஒன்று உண்டு. அவர் மனம் வைத்தால் யாருக்கும் அரசாங்க வேலை வாங்கித் தந்துவிட முடியும் என்பதே அது. அருப்புக்கோட்டைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும், பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகும் இடத்தில் யாராவது ஒருவர் மகனுடைய மதிப்பெண் சான்றிதழின் நகலை நான்காக மடித்து அப்பாவின் சட்டைப்பையில் செருகிவிட்டு, "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்பா அதை மறுத்ததும் இல்லை, வாக்குக் கொடுத்ததும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த நகலைப் பிரித்து, எந்தப் பாடம், எந்த ஆண்டு தேறியது, தட்டச்சு முடித்திருக்கிறானா என்றெல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பையனுக்கு நுணுக்கி நுணுக்கி ஓர் அஞ்சலட்டை எழுதுவார். வேலை கேட்ட இடத்தில் அஞ்சலட்டை வந்ததே என்று அவர்மீது வருத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இயங்கிய வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டி மையத்தில் அவர் அலுவலராக இருந்தார். இடையில் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்ட அலுவலகங்களுக்கு மாற்றலாகிப் போய் வந்தாலும், அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி நாகமலையின் அடிவாரத்தில், பல்கலை நகரில் உள்ள அந்த மையத்தில்தான் கழிந்தது. மாணவர்கள் அவரை "எம்ப்ளாய்மெண்ட் சார்" என்று அழைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை; அவர் மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைச் சேர்ந்தவர். இத்தகைய மையங்களுக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைவராகவும், துறையிலிருந்து வருபவர் துணைத் தலைவராகவும் இருப்பது வழக்கம். அப்பா அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் கீழே, மாணவர்கள் உண்மையில் வந்து உட்காரும் மேசைக்கு எதிரே இருந்தார்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் அதிகம். இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய படைவீரர்களுக்குப் பிழைப்புத் தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கப்பட்டதுதான் இந்திய வேலைவாய்ப்புப் பணி. 1956 நவம்பர் 1 முதல் அதன் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தை அப்பா தன் மாணவர்களுக்கு ஒரே வரியில் விளக்குவார்: இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் காலியிடத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும், ஆனால் நாம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அரசு அலுவலகங்கள் கேட்டாலும், பதிவு மூப்பு, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு முறைவைத்து இடம் தரும் இனச்சுழற்சி, முன்னுரிமை ஆகியவற்றின்படி வரிசையில் நிற்பவரின் பெயர் போகுமே தவிர, அலுவலரின் மைத்துனர் பெயர் போகாது. பட்டதாரிகள் இந்த வரிசையில் நின்று காத்திருப்பதோடு வேறு வழிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே பல்கலைக்கழகங்களுக்குள் இம்மையங்கள் வைக்கப்பட்டன. ஆக, அப்பா வேலை வாங்கித் தருபவர் அல்லர். வேலை எங்கெங்கே இருக்கிறது, அதுவரை எப்படி நடந்து போவது என்று சொல்பவர்.

ஆனால் அவர் அப்படிச் சொல்லத் தொடங்குவதற்கு முன் கேட்ட கேள்விதான் அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தியது என்று நினைக்கிறேன். எதிரே வந்து உட்காரும் மாணவனிடம், "உனக்கு என்னவாக விருப்பம்?" என்று அவர் முதலில் கேட்டதில்லை. "வீட்டுல யார் யார் சம்பாதிக்கிறாங்க?" என்பார். பிறகு தம்பி தங்கைகள் எங்கே படிக்கிறார்கள், தங்கச்சி கல்யாணம் எப்போது, கடன் கூட்டுறவுச் சங்கத்திலா வட்டிக்காரரிடமா, நிலம் இருந்தால் கிணற்றுப் பாசனமா மானாவாரியா என்று ஒவ்வொன்றாக வரும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு, மேசை மீதிருக்கும் பழைய தாளின் பின்பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி வட்டமிடுவார். அந்தப் பையன் சம்பாதிக்காமல் அந்த வீடு எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கான எண் அது. ஆறு என்றால் ஒரு வழி, பதினெட்டு என்றால் வேறு வழி, முப்பத்தாறு என்றால் முற்றிலும் வேறான வழி. விருப்பத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அவருடைய சொந்த எண் பூஜ்ஜியமாக இருந்தது. தாத்தா அருப்புக்கோட்டையில் குழித்தறியில் சேலை நெய்தவர். அப்பாவும் அத்தைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தார் சுற்றுவார்கள். விருதுநகருக்கு நாள்தோறும் பேருந்தில் போய் பி.யூ.சி.யும், பிறகு பி.ஏ. பொருளியலும் முடித்தார். 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில் (காமராசர் பெயர் 1978இல்தான் சேர்ந்தது) எம்.ஏ. படிக்க 1972இல் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தக் கோடையில் தாத்தாவின் பார்வை மங்கி, நுண்ணிய நூலில் நெய்ய முடியாமல் போயிற்று. அப்பா எம்.ஏ. சேரவில்லை. ஓராண்டுக்கு மேல் தறியில் உட்கார்ந்து கொண்டே தேர்வாணையத் தேர்வு எழுதி, 1974இல் மதுரை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். எக்ஸ்-1 என்று அழைக்கப்பட்ட பதிவு அட்டைகளை எண் வரிசைப்படி அடுக்குவது அவருடைய முதல் வேலை. இந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றை நான் அம்மா சொல்லியும் அத்தை சொல்லியும் அறிந்தேன். தனக்குக் கிடைக்காத எம்.ஏ.யைப் பற்றி அப்பா குறைபட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. அதே பல்கலைக்கழகத்துக்கே பின்னாளில் வேலைக்குப் போனதைக்கூட அவர் மாற்றல் உத்தரவு என்றுதான் சொல்வார்.

துறைத் தேர்வுகளை எழுதிப் பதவி உயர்வு பெற்ற பிறகு, பயிற்சிக்காக அவரை டெல்லி பூசாவுக்கு அனுப்பினார்கள். வேலைவாய்ப்புப் பணி அலுவலர்களைப் பயிற்றுவிப்பதற்காக 1964இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அங்கே இருந்தது. தொழில் வழிகாட்டுதலின் தந்தை எனப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி அப்பா முதன்முதலில் கேள்விப்பட்டது அங்கேதான். பாஸ்டன் நகரில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகள் நிறைந்த வட்டாரத்தில் 1908 ஜனவரியில் தொழில் வழிகாட்டி நிலையம் ஒன்றைத் திறந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனவர் பார்சன்ஸ். உன்னை நீ அறி, தொழில்களை அறி, இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தைச் சரியாக யோசி என்பது அவர் வகுத்த முறை. அவர் இருப்புப்பாதைப் பொறியாளராகவும், இரும்பாலைத் தொழிலாளியாகவும், பள்ளி ஆசிரியராகவும், வழக்கறிஞராகவும் இருந்து பார்த்துவிட்டு, நகரத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவர் என்பதை அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். "நாலு வேலை மாறினவருக்குத்தான் இந்த வேலை வரும்" என்பது அவர் கருத்து. ஆனால் பூசாவில் சொல்லிக் கொடுத்த மூன்று படிகளுக்கு முன்னால் ஒரு படி விடுபட்டிருக்கிறது என்றும் அவர் நம்பினார். குடியேறிகளின் பிள்ளைகளோடு பழகிய பார்சன்ஸுக்கு அது தெரிந்திருக்கும், பாடமாக எழுதும்போது மற்றவர்கள் விட்டிருப்பார்கள் என்று அவருக்காகப் பரிந்தும் பேசுவார். எந்தத் தொழிலுக்கு இயல்பான திறன் இருக்கிறது என்று பார்க்கும் உளச்சார்புச் சோதனையை மாணவர்களுக்கு வைக்கச் சொல்லி வந்த தாள்களை ஒழுங்காக நிரப்பி வாங்கி வைப்பார். முடிவெடுக்கும்போது அவற்றைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

எங்கள் வீடு நாகமலைப் புதுக்கோட்டையில் இருந்தது. அப்பாவின் அலுவலகத்தை நான் அறிந்துகொண்டது சனிக்கிழமை இரவுகளின் வழியாகத்தான். மத்திய அரசின் எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் என்ற வார இதழ் 1976இல் தொடங்கியது. அது ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே வரும், தமிழில் கிடையாது. உசிலம்பட்டியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வந்து தமிழ்வழியில் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு, அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தில் வயது வரம்பு எங்கே, கடைசித் தேதி எங்கே, எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று தேடுவதற்குள் கண் பூத்துவிடும். அப்பா அதை வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, நம் பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்கக் கூடியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தமிழில் எழுதுவார். பணியின் பெயர், தகுதி, வயது, கட்டணம், கடைசி நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அம்மா மைதா மாவில் பசை காய்ச்சித் தருவார். ஆங்கில விளம்பரத்தைக் கத்தரித்துத் தாளின் இடப்பக்கம் ஒட்டுவது என் வேலை, தமிழ்ச் சுருக்கத்தை வலப்பக்கம் ஒட்டுவது தம்பியின் வேலை. திங்கட்கிழமை காலையில் அந்தத் தாள்கள் மையத்தின் வெளிச்சுவரில் உள்ள கம்பி வலைப் பலகைக்குள் போய்விடும்.

ஒருமுறை நான் அவரிடம் கேட்டேன், பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும், நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் எப்படிக் கற்பார்கள் என்று. அதற்கு அவர், "கத்துக்கட்டும் தாயி. அதுக்கு ஒரு வருஷம் ஆகும். கடைசித் தேதி அடுத்த வியாழக்கிழமை" என்றார். இடப்பக்கம் ஆங்கிலத்தை ஒட்டச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எண்பதுகளில் அவர் கைக்கு மிகவும் உதவியது வங்கி வேலை. 1969இல் பதினான்கு வங்கிகளும் 1980இல் மேலும் ஆறும் நாட்டுடைமையான பிறகு, ஊருக்கு ஊர் கிளைகள் திறக்கப்பட்டு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். வங்கிப் பணித் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைத்தது. பதினெட்டு மாதம் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பா பெரும்பாலும் இந்த வழியைத்தான் சொன்னார்: காலையில் தட்டச்சு வகுப்பு, மாலையில் நான்கைந்து பிள்ளைகளுக்கு டியூஷன், இரவில் கணக்கும் ஆங்கிலமும். ஆறு மாதம் மட்டுமே தாங்கும் வீட்டுப் பிள்ளையை முதலில் ஏதாவது கணக்குப்பிள்ளை வேலையில் சேரச் சொல்லிவிட்டு, அந்தச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கும் பாதியைத் தேர்வுக்கும் என்று பிரிக்கச் சொல்வார். அப்படிப் பிரிப்பதால் வீட்டின் எண் ஆறிலிருந்து இருபதாகும் என்று தாளில் எழுதிக் காட்டுவார். தாங்கும் காலத்தை நீட்டுவதுதான் வழிகாட்டுதலில் பாதி என்பது அவருடைய உறுதியான கருத்து. பட்டதாரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, எவன் வீடு எவ்வளவு காலம் பொறுக்கும் என்பதில் இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் முதலில் ஏற்கவில்லை. நானே கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு, ஆண்டுதோறும் அது என் கண்முன் நடப்பதைப் பார்க்கிறேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. ஒரு நாள் பள்ளி விடுமுறையில் அவரோடு அலுவலகம் போயிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகனோடு வந்து, மேசைக்கு அருகே நின்றபடியே துண்டின் முடிச்சை அவிழ்த்தார். "மாட்ட வித்துட்டு வந்திருக்கேன்யா. யாருக்குக் குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிடுறேன்" என்றார். யாரோ ஒரு தரகன் ஊரில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் கோபம் அந்தப் பெரியவர்மேல் பாயவில்லை. அவரை உட்காரவைத்து, தேநீர் வாங்கிவரச் சொல்லி, அந்தப் பணத்தை எண்ணச் சொன்னார். எண்ணி முடித்ததும் நாட்காட்டியை எடுத்து வைத்து, "அண்ணே, இது உங்க மகனுக்கு எட்டு மாசச் சாப்பாடும் புத்தகமும். அதுக்குள்ள ரெண்டு பரீட்சை வருது. யாருக்கும் ஒரு பைசா குடுக்காதீங்க. எட்டு மாசம் கழிச்சு இங்கயே வாங்க" என்று சொல்லி அனுப்பினார். தரகனுடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். அதன்பின் அவர் அதை யாரிடம் கொண்டுபோனார் என்று எனக்குச் சொல்லவில்லை. பையன் இரண்டாவது தேர்வில் தேறினான் என்பதை மட்டும் சொன்னார்.

பெண்களின் வீடுகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அங்கே பணம் தாங்கினாலும் பேச்சுத் தாங்காது. தேனிப் பக்கத்திலிருந்து வந்து எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண்ணுக்கு, இறுதித் தேர்வு முடிந்த வாரமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் ஓர் ஆண்டு கேட்டாள், வீட்டில் கொடுக்கவில்லை. அப்பா அவளுடைய தந்தைக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். கல்யாணம் வேண்டாம் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. எந்தத் தேர்வு எந்த மாதம், முடிவு எந்த மாதம், வேலை கிடைத்தால் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று அட்டவணை போட்டு, தை மாதத்துக்குப் பதில் அடுத்த ஆவணிக்குத் தள்ளினால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும் நிலையே மாறும் என்று எழுதியிருந்தார். அவர் இப்படி மாப்பிள்ளைச் சந்தையின் மொழியிலேயே பேசியது சரியா என்று நான் பின்னாளில் அவரோடு வாதிட்டிருக்கிறேன். "அந்த மனுஷனுக்குப் புரியிற பாஷையில எழுதுனேன். அவளுக்கு எட்டு மாசம் கிடைச்சது" என்பார். இந்த ஒன்றில் எனக்கு இன்றும் முழு உடன்பாடு இல்லை. அந்தப் பெண் வங்கி அதிகாரியாகி, மேலாளராக இருந்து ஓய்வுபெறப் போகிறார் என்பதும் உண்மை.

பிறகு 2001 வந்தது. அந்த ஆண்டின் இறுதியில், காவலர், ஆசிரியர் போன்ற சில பணிகள் நீங்கலாகப் புதிய பணி நியமனங்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2006 தொடக்கத்தில்தான் அது விலக்கப்பட்டது. தடை வந்த அதே 2001இல் வங்கிப் பணித் தேர்வு வாரியங்களும் கலைக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நாளிதழ்களிலும் விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்ததால், பதிவு மூப்பை நம்பிப் பல ஆண்டுகளாக அட்டையைப் புதுப்பித்து வந்தவர்களின் நம்பிக்கை தளர்ந்திருந்தது. அப்பாவின் தாளில் வட்டமிட்ட எண்கள் திடீரென்று பொருளற்றுப் போயின. பதினெட்டு மாதம் தாங்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு மாதத்துக்குள் எழுதத் தேர்வே இல்லை.

அந்த ஆண்டுகளில் அவர் மெலிந்தார் என்று அம்மா சொல்வார். ஐம்பது வயதில் கணினி வகுப்பில் சேர்ந்தார். சென்னை, பெங்களூர் நிறுவனங்கள் என்ன கேட்கின்றன, மருத்துவக் குறியீட்டுப் பணி என்றால் என்ன, திருப்பூரில் பட்டதாரிக்குத் தையலைத் தவிர வேறு என்ன வேலை உண்டு என்றெல்லாம் கேட்டறிந்து வந்து பலகையில் ஒட்டினார். இப்போது பசை காய்ச்சும் வேலை இல்லை, அச்செடுத்த தாள்கள்தான். அவரால் எதுவும் செய்ய முடியாமல் போனவர்களின் பெயர்களை ஒரு தனி நோட்டில் எழுதி வந்தார். வயது வரம்பைக் கடந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். தடை விலகிய பிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கு வயது வரம்பில் ஐந்தாண்டுச் சலுகை தந்து 2006இல் அரசாணை வந்தபோது, அந்த நோட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் அஞ்சலட்டை எழுதினார். பல அட்டைகள், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. திருப்பூரிலிருந்து ஒருவர், தான் இப்போது கண்காணிப்பாளர், இரண்டு குழந்தைகள், இனிமேல் படிக்க முடியாது சார், ஆனாலும் நினைவு வைத்திருந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார். அப்பா அந்தப் பதிலைப் பலமுறை எடுத்துப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். நன்றிக்காகப் படித்தாரா, "முடியாது" என்ற சொல்லுக்காகப் படித்தாரா என்று தெரியாது.

நான் பி.ஏ. வரலாறு முடித்ததும் அந்தக் காலத்தில்தான். பல்கலைக்கழகத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் கீழக்குயில்குடியின் சமணர் மலை இருக்கிறது. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் கோயிலையும் கடந்து ஏறினால், செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் உட்கார்ந்திருக்கும். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறித்த வரிகளும் இருக்கும். இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கேட்டேன். "ரொம்பக் கொஞ்சம். வேலையும் ரொம்பக் கொஞ்சம்" என்றார். நான் கல்வெட்டியல் படிக்கப் போகிறேன் என்று அறிவித்தபோது, அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் மறுபடி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

சொன்னார், ஆனால் தாளோடு வந்து சொன்னார். என் பெயரில் ஒரு கோப்பு போட்டிருந்தார், எந்த மாணவனுக்கும் போடுவதைப் போலவே. மைசூரில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித் தேர்வும் இளநிலை ஆய்வு உதவித்தொகையும், அவற்றில் ஒவ்வொன்றிலும் நுழைய ஆகும் காலம், இடையில் காலியிடமே வராமல் போகக்கூடிய ஆண்டுகள் என எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கணக்கு இருந்தது. அவருடைய சம்பளம், பொது வருங்கால வைப்பு நிதியில் இருந்த தொகை, வீட்டுக் கடனின் மீதி, தம்பியின் படிப்புச் செலவு. அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவருடைய சம்பளத்துக்கு நேரே இடத்தை வெறுமையாக விட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, "உன் சம்பளத்தையும் இதுல சேக்கலாமா?" என்று கேட்டார். "பின்ன நான் எதுக்கு வேலைக்குப் போறேன்?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதையும் எழுதிக் கூட்டி, தாளை என் பக்கம் திருப்பினார். எழுபத்திரண்டு என்று எழுதி வட்டமிட்டிருந்தது.

"ஆறு வருஷம் இந்த வீடு தாங்கும் தாயி. அதுக்குள்ள வேல கிடைக்கலன்னா மறுபடி உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்" என்றார். உறவினர்கள் கேட்டார்கள். சொந்த மகளுக்கே வேலை வாங்கித் தர முடியாதவர் என்றுகூட ஒரு திருமண வீட்டில் காதுபடப் பேசினார்கள். அப்பா அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. கொடுத்த வாக்குப்படி, என் ஆய்வு எப்போது முடியும் என்றோ, கல்யாணம் எப்போது என்றோ அவர் கேட்கவே இல்லை. ஒப்பந்தப் பணிகளில் ஊர் ஊராகக் கல்வெட்டுப் படியெடுத்து அலைந்த ஆண்டுகளில், மாதத்துக்கு ஒரு முறை எந்தெந்தப் பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது என்ற தாள் மட்டும் தவறாமல் எனக்கு வந்து சேரும். இடப்பக்கம் விளம்பரம், வலப்பக்கம் அவருடைய கையெழுத்தில் தமிழ்ச் சுருக்கம். எனக்கு அந்தச் சுருக்கம் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும்.

2009இல் அவர் ஓய்வுபெற்றார். அதன்பின் மாலைநேரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் செருப்புகள் கிடக்கத் தொடங்கின. 2011இல் வங்கிகளுக்குப் பொதுத் தேர்வு முறை வந்ததும் செக்கானூரணி, அச்சம்பத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். 2015இல் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு இணையதளம் வந்தபோது, தன் கைப்பேசியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, தகவலுக்குப் பஞ்சமில்லாத காலம் வந்துவிட்டது என்று மனதார மகிழ்ந்தார். நூறு விழுக்காடு வேலை உறுதி என்று சுவரொட்டி ஒட்டும் பயிற்சி நிலையங்களைக் கண்டால் மட்டும் வாய்க்குள் முணுமுணுப்பார். கட்டணமாகப் போகும் தொகையை உடனே மாதங்களாக மாற்றிச் சொல்வது அவருக்குப் பழகிப்போயிருந்தது. "அம்பதாயிரமா? அது அந்தப் பையனுக்குப் பத்து மாசம்."

2023 ஐப்பசியில், சில மாதங்கள் படுத்த படுக்கையாக இருந்த பிறகு, அவர் காலமானார். சிறுநீரகக் கோளாறு. அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. தேனிப் பக்கத்து அந்த வங்கி அதிகாரி தன் தந்தையையும் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். அப்பாவின் கடிதத்தைத் தான் இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாக அந்த முதியவர் என் தம்பியிடம் சொன்னாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அலமாரியில் அம்மாவின் பெயரிட்ட ஒரு கோப்பை எடுத்தோம். குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தப் படிவம், அதோடு இணைக்க வேண்டிய சான்றுகள் எவை, ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியாக வர வேண்டிய ஐம்பதாயிரத்துக்கு விண்ணப்பம் எங்கே, கருவூலத்தில் ஆண்டுதோறும் நேர்காணலுக்கு எந்த மாதம் போக வேண்டும் என்று எல்லாம் அவருடைய நுணுக்கிய கையெழுத்தில், ஒன்றுக்கு ஒரு வரியாக இருந்தன. நகல்கள் எடுத்து, சான்றொப்பம் வாங்க வேண்டியவற்றில் பென்சிலால் குறியும் இட்டிருந்தார். அடுத்த பக்கத்தில் வீட்டுக் கணக்கு. வங்கி வைப்புத் தொகை, குடும்ப ஓய்வூதியம், மருந்துச் செலவு, வீட்டு வரி, பேத்தியின் பள்ளிக் கட்டணத்தில் அவர் ஏற்றுக்கொண்டிருந்த பங்கு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்து, கீழே ஓர் எண்ணை வட்டமிட்டிருந்தார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தார். "என்னோட பென்ஷன எங்கடி காணோம்?" என்றார். இல்லைதான். தேடிப் பார்த்தோம், எந்த வரியிலும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி அளவுக்கு வெறுமை மட்டும் விடப்பட்டிருந்தது. "கேக்காம சேக்க மாட்டாரு" என்று தம்பி மெல்லச் சொன்னான். "கேட்டா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? அம்பது வருஷமா இதே வழக்கம்" என்று அம்மா அழுகையும் சிரிப்புமாகத் திட்டினார். என்னிடம் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் தன் ஓய்வூதியத் தொகையை எழுதி, மொத்தத்தை அடித்துத் திருத்தினார். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கருவூலத்தில் இருந்தோம். படிவத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டார்.